கரண்ட் போனால் கோப்பு காலி: எடிட்டர் பிழையா, மலைப் பிழையா?

இலைக்கணக்கு (கோத்தகிரி) | திங்கள், இரவு 8.52

கோபத்தோடுதான் எழுதுகிறேன். யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊரில் இருபது சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்கை நான்தான் எழுதி வைக்கிறேன். தேதி, பெயர், எடை, மழை நாளாக இருந்தால் ஈரத்துக்குக் கழித்தது, மீதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி. எக்செல் எல்லாம் கிடையாது, வெறும் டெக்ஸ்ட் கோப்பு. மூன்று வருடமாக இந்த மன்றத்தின் எடிட்டரில்தான் (டெக்ஸ்ட் தட்டும் மென்பொருள்) ஓடுகிறது.

நேற்று சாயங்காலம் ஆறரைக்கு இடி மழை, கரண்ட் போனது. ஐப்பசியில் கோத்தகிரியில் கரண்ட் போவதை யாரும் செய்தியாகச் சொல்ல மாட்டார்கள். எங்கேயாவது ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்திருக்கும். எட்டேகாலுக்குத் திரும்பி வந்தது. கணினியைப் போட்டுக் கோப்பைத் திறந்தால் வெள்ளைத் திரை. பெயர் இருக்கிறது, அளவு 0 பைட்.

புதன்கிழமை எடுத்த ஒரு நகல் மகனிடம் இருந்ததால் பிழைத்தேன். மீதி நாலு நாள் கணக்கை எடைச் சீட்டுகளை வைத்து இன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். பாதிச் சீட்டு மழையில் நனைந்து மை ஊறிப்போனது. ஒரு சீட்டில் இருப்பது 31-ஆ 37-ஆ என்று கேட்க ஒருவர் வீட்டுக்கே நடந்து போய் வந்தேன்.

முன்பு எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்கிறது, இப்படி ஆனதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் புது வெர்ஷன் போட்டேன். அதுதான் காரணமா?


டெர்மினல்தாசன் (கொடைக்கானல்) | திங்கள், இரவு 9.15

அக்கா, வருத்தமான விஷயம்தான். ஆனால் ஒருவர் மட்டும் பராமரிக்கும் சின்ன எடிட்டரில் ஊர்க் கணக்கை வைக்கலாமா? விம் என்ற எடிட்டருக்கு மாறிவிடுங்கள். நீங்கள் சேவ் செய்யாவிட்டாலும் அது பக்கத்திலேயே ஒரு ஸ்வாப் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். 200 எழுத்து தட்டினாலோ, 4 விநாடி சும்மா இருந்தாலோ போதும், ஸ்வாப்பில் ஏறிவிடும். கரண்ட் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம்.


இலைக்கணக்கு (கோத்தகிரி) | திங்கள், இரவு 9.21

விம்மை ஒரு தடவை திறந்தேன் தம்பி. வெளியே வரத் தெரியாமல் மெயின் சுவிட்சை அணைத்தேன்.


மலைப்பூண்டு (பூம்பாறை) | திங்கள், இரவு 9.48

அக்கா, 'கோப்பு காலி' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. இவை தெரிந்தால் நல்லது: எந்த வெர்ஷனிலிருந்து எந்த வெர்ஷனுக்கு வந்தீர்கள்? விண்டோஸா, லினக்ஸா? கரண்ட் போன நேரம் தட்டிக்கொண்டிருந்தீர்களா, இல்லை சும்மா திறந்து வைத்திருந்தீர்களா? தானாக சேவ் ஆகும் வசதி போட்டிருக்கிறதா?

கோபமாகத்தான் இருக்கும். எனக்கும் ஒரு தடவை விதைப்பூண்டு வாங்கிய கணக்கு இப்படித்தான் போனது. ஆனால் அது என் தப்பு, டீ கொட்டிவிட்டேன்.


இலைக்கணக்கு (கோத்தகிரி) | செவ்வாய், காலை 6.30

லினக்ஸ்தான், மகன் போட்டுக் கொடுத்தது. போன வருடக் கடைசியில் வந்த வெர்ஷனிலிருந்து இப்போதைய வெர்ஷனுக்கு வந்தேன். தானாக சேவ் ஆவது 30 விநாடிக்கு ஒருமுறை. தட்டிக்கொண்டேதான் இருந்தேன்.


பாதிவளைவு (குன்னூர்) | செவ்வாய், மதியம் 1.05

இந்த எடிட்டரைப் பராமரிக்கும் அந்த 'ஒருவர்' நான்தான். வேலைக்கு நடுவே படித்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எழுதுபவரின் கோப்பைக் காலி செய்யும் எடிட்டரை வைத்துக்கொண்டு நான் தீம் நிறம் மாற்றிக்கொண்டிருந்தது எனக்கே உறுத்துகிறது.

ஒரே ஒரு கேள்வி. கோப்பு கணினியின் டிஸ்க்கில் இருந்ததா, வேறு எங்காவதா?


இலைக்கணக்கு (கோத்தகிரி) | செவ்வாய், மதியம் 1.40

பென் டிரைவில். கணினி மகனுடையது, அவன் அடிக்கடி ஃபார்மேட் செய்வான். அதனால் கணக்கை பென் டிரைவிலேயே வைத்துக்கொள்வேன். இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.


டெர்மினல்தாசன் (கொடைக்கானல்) | செவ்வாய், மதியம் 1.44

பென் டிரைவா! அப்புறம் எடிட்டரை எதற்குத் திட்டுகிறோம்? அதில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட் ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் (மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) என்பதே கிடையாது. கரண்ட் போனால் போனதுதான். கேஸ் முடிந்தது.


மலைப்பூண்டு (பூம்பாறை) | செவ்வாய், மதியம் 2.10

முடியவில்லை. அதே பென் டிரைவ், அதே கரண்ட், அதே கோத்தகிரி. மூன்று வருடம் தாங்கியது இரண்டு மாதத்தில் ஏன் தாங்கவில்லை? மாறியது எடிட்டர் மட்டும்தான்.

எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேட, சாயங்காலம் பைசெக்ட் போட்டுப் பார்க்கிறேன். இங்கே மழை பெய்தால் இணையம் படுத்துவிடும், ஆனால் பைசெக்டுக்கு இணையம் தேவையில்லை. முழு வரலாறும் என் கணினியிலேயே இருக்கிறது.


மலைப்பூண்டு (பூம்பாறை) | செவ்வாய், இரவு 11.36

கிடைத்துவிட்டது. செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நாளைக்கு இன்னொருவருக்கு உதவும்.

அந்த இரண்டு வெர்ஷனுக்கும் நடுவில் 137 கமிட், அதாவது எடிட்டரின் நிரலில் சேர்த்த 137 மாற்றங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் விடிந்துவிடும். கிட் (நிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கருவி) தரும் பைசெக்ட் பாதியாக வெட்டிக்கொண்டே போகும்: நடு கமிட்டை எடுத்துக் கொடுக்கும், நாம் நல்லதா கெட்டதா என்று சொன்னால் மீதிப் பாதியை விட்டுவிடும். 137-க்கு எட்டுச் சுற்றுக்குள் முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், 'நல்லதா கெட்டதா' என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு சுற்றுக்கும் மெயினை அணைக்க முடியாது. எடிட்டரை மட்டும் வலுக்கட்டாயமாக நிறுத்தினாலும் பயன் இல்லை. எடிட்டர் செத்தாலும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தன் நினைவில் வைத்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிடும். அதனால் கரண்டைத் தொடாமல், எடிட்டர் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் ஸ்ட்ரேஸ் என்ற கருவியை வைத்து ஒட்டுக்கேட்டேன்.

பழைய வெர்ஷன் சேவ் செய்யும் விதம்: அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறக்கிறது, முழுதும் எழுதுகிறது, எஃப்சிங்க் கேட்கிறது (அதாவது, டிஸ்க்கில் உண்மையிலேயே இறங்கும்வரை காத்திருக்கிறது), பிறகு ரீநேம் செய்து பழைய கோப்பின் இடத்தில் வைக்கிறது.

புது வெர்ஷன்: உண்மையான கோப்பையே திறக்கிறது, திறக்கும்போதே நீளத்தைப் பூஜ்யமாக வெட்டுகிறது, பிறகு எழுதுகிறது. எஃப்சிங்க் இல்லை, ரீநேமும் இல்லை.

புரியும்படி சொன்னால், முன்பு புதுப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டுப் பழைய பக்கத்தைக் கிழித்தது. இப்போது முதலில் கிழித்துவிட்டுத்தான் பேனாவைத் தேடுகிறது. லினக்ஸில் எழுதியது டிஸ்க்கில் இறங்க வழக்கமாக 30 விநாடி வரைகூட ஆகலாம். அக்காவுக்கோ 30 விநாடிக்கு ஒருமுறை சேவ். நாள் முழுக்க அந்த இடைவெளியிலேயே உட்கார்ந்து தட்டியிருக்கிறார். இரண்டு மாதம் தப்பித்ததுதான் ஆச்சரியம்.

குற்றவாளி கமிட்டின் தலைப்பு: 'லிங்க் உடையும் பிழை சரிசெய்யப்பட்டது'. மீதியைக் குன்னூர் அண்ணாதான் சொல்ல வேண்டும்.


பாதிவளைவு (குன்னூர்) | புதன், காலை 7.20

பார்த்தேன். டீ ஆறிப்போனது.

கதை இதுதான். ஆவணி மாதம் ஒருவர் ஒரு பிழையைத் தெரிவித்தார். ஒரே கோப்பை இரண்டு ஃபோல்டரில் ஹார்டு லிங்க்காக (ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்) வைத்திருக்கிறார். நம் எடிட்டரில் சேவ் செய்தால் இரண்டும் தனித்தனிக் கோப்பாகிவிடுகின்றன. அவர் சொன்னது சரி. ரீநேம் வழியின் இயல்பே அது: புதுக் கோப்பு அந்தப் பெயருக்கு வந்து உட்காரும், பழையது இன்னொரு பெயரில் அப்படியே நிற்கும். விம்மில் 'பேக்கப்காப்பி' என்று ஒரு செட்டிங் இருப்பதே இந்தத் தலைவலிக்குத்தான்.

அதனால், லிங்க் உள்ள கோப்புகளுக்கு மட்டும் நேராக எழுதலாம் என்று முடிவெடுத்தேன். லிங்க் எண்ணிக்கை 1-க்கு மேல் இருந்தால் நேராக எழுது. இதைத்தான் எழுத நினைத்தேன். எழுதியது: 1 அல்லது அதற்கு மேல்.

உலகத்தில் உள்ள எல்லாச் சாதாரணக் கோப்புக்கும் லிங்க் எண்ணிக்கை 1. பென் டிரைவில் ஹார்டு லிங்க் என்பதே கிடையாது, அங்கேயும் 1 என்றுதான் பதில் வரும். ஆக, ஒரே ஒரு சமக்குறி அதிகமாகப் போனதால் எல்லோருடைய கோப்பும் அந்த ஆபத்தான வழியில் போயிருக்கிறது. இரவு பதினொன்றரைக்குப் போட்ட கமிட். நானே எழுதி, நானே பார்த்து, நானே சேர்த்தது. பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இல்லை.


டெர்மினல்தாசன் (கொடைக்கானல்) | புதன், காலை 8.02

சரி, பென் டிரைவ் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன் அக்கா.

ஆனால் ஒரு சந்தேகம். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள டிஸ்க்கில் இது நடந்திருக்காதுதானே? 2009 வாக்கில் இதே மாதிரி பூஜ்யக் கோப்புச் சண்டை நடந்து, அப்புறம் கெர்னலிலேயே ஒரு ஒட்டுப் போட்டார்களே.


பாதிவளைவு (குன்னூர்) | புதன், காலை 8.30

போட்டார்கள். கோப்பை வெட்டி எழுதி மூடினாலோ, ரீநேம் செய்தாலோ, டேட்டாவைச் சீக்கிரம் இறக்க எக்ஸ்ட்4 முயலும். டிஸ்க்கில் வைத்திருந்தவர்கள் யாரும் இதுவரை கத்தாததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனாலும் அது இடைவெளியைச் சுருக்குகிறதே தவிர மூடுவதில்லை. ஃபைல் சிஸ்டம் காப்பாற்றும் என்று எடிட்டர் எழுதக் கூடாது. பிரேக் பிடிக்காவிட்டாலும் தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று கல்லட்டி மலைப்பாதையில் இறங்குகிற மாதிரி.


ஒற்றைக்கொம்பு (கூடலூர்) | புதன், காலை 10.11

எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். நான் தெரிவித்த பிழை என்ன ஆனது? 'கொடி' என்று தேடினால் பாதி இடங்களைத்தான் காட்டுகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. அப்புறம் டெர்மினலில் (எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் திரை) 'கி' வந்தால் கர்சர் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது, 'கீ' வந்தால் ஒழுங்காக நிற்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.


பாதிவளைவு (குன்னூர்) | புதன், மதியம் 1.15

பேய் இல்லை, யூனிகோடு (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை). இந்த இழைக்கு வெளியே போகும் விஷயம், இருந்தாலும் எனக்குப் பிடித்த பிழை என்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலாவது. 'கொ' என்பதை இரண்டு விதமாகத் தட்டலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பு தனியாக, துணைக்கால் தனியாகப் போடலாம். திரையில் ஒன்றேதான், கோப்பில் வேறு வேறு. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும், அதற்கு யூனிகோடிலேயே வழி இருக்கிறது. ஆனால் 'கௌ' எழுத, கொம்பு போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்தையே தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை எந்த வழியாலும் பிடிக்க முடியாது. கணினிக்கு அது 'கெள' மட்டும்தான்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. யூனிகோடு அட்டவணையில் இகரக் குறியான விசிறி 'இடம் பிடிக்கும் குறி' வகை. ஈகாரக் குறியும் புள்ளியும் 'இடம் பிடிக்காத குறி' வகை. பல டெர்மினல்கள் அதை அப்படியே நம்பி, 'கி'-க்கு இரண்டு கட்டமும் 'கீ'-க்கு ஒரு கட்டமும் ஒதுக்குகின்றன. எழுத்துரு அப்படி வரைவதில்லை. நம் எடிட்டர் தன் பங்குக்கு எழுத்தை முழு எழுத்தாக எண்ணுகிறது. இருவர் கணக்கும் ஒத்துப்போகாது, கர்சர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இதை எடிட்டருக்குள் மட்டும் சரிசெய்ய முடியாது. டெர்மினல் எப்படி எண்ணுகிறதோ அதே தப்போடு நாமும் எண்ணலாம், அவ்வளவுதான்.


நெறியாளர் | புதன், மதியம் 1.30

கொம்புக்கும் விசிறிக்கும் தனி இழை திறந்தாயிற்று. இங்கே கோப்புப் பிழையை மட்டும் பேசுவோம்.


மலைப்பூண்டு (பூம்பாறை) | புதன், இரவு 9.05

பேட்ச் (பிழைத் திருத்தம்) அனுப்பியிருக்கிறேன் அண்ணா. சமக்குறியை எடுத்தது ஒரு வரி. மீதி எல்லாம் டெஸ்ட்.

டெஸ்ட் எப்படி என்றால், சாதாரணக் கோப்பை சேவ் செய்தால் அதன் ஐநோடு எண் (ஃபைல் சிஸ்டம் கோப்புக்குத் தரும் எண்) மாற வேண்டும், ஏனென்றால் அது புதுக் கோப்பு. ஹார்டு லிங்க் உள்ள கோப்பை சேவ் செய்தால் ஐநோடு எண் மாறக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் நாளை யார் எந்தப் பக்கம் சமக்குறியைத் தள்ளினாலும் ஏதாவது ஒன்று கத்தும்.

லிங்க் உள்ள கோப்புக்கு நேராக எழுதியே ஆக வேண்டும். அங்கே மட்டும் முதலில் பக்கத்தில் முழு நகல் ஒன்றை எழுதி எஃப்சிங்க் செய்து, பிறகு உண்மையான கோப்பில் எழுதி அதற்கும் எஃப்சிங்க் செய்து, கடைசியில் நகலை அழிக்கிறேன். பென் டிரைவில் சேவ் கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.


டெர்மினல்தாசன் (கொடைக்கானல்) | புதன், இரவு 9.40

அப்படியானால் மலைப்பூண்டுக்கே கமிட் உரிமையைக் கொடுத்துவிடலாமே? ஒருவரே எழுதி ஒருவரே பார்ப்பதுதான் இந்தப் பிழையின் வேர்.


பாதிவளைவு (குன்னூர்) | வியாழன், காலை 6.55

வேர் அதுதான். ஆனால் கொடுப்பது அவ்வளவு எளிதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (கோப்பைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் நினைவிருக்கும். களைத்துப்போன ஒரே பராமரிப்பாளர். உதவுகிறேன் என்று வந்தவர் இரண்டு வருடம் பொறுமையாக நல்ல பிள்ளையாக பேட்ச் அனுப்பினார். 'ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவருக்குக் கொடுங்கள்' என்று ஓரிருவர் நச்சரித்தார்கள். உரிமையையும் வாங்கி, கடைசியில் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்துவிட்டார். லாகின் அரை விநாடி மெதுவாக இருக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் துருவியதால் வெளியே வந்தது. அதைப் படித்ததிலிருந்து 'உதவட்டுமா' என்று வரும் மின்னஞ்சலையெல்லாம் சந்தேகத்தோடுதான் திறக்கிறேன். இது ஒரு நல்ல குணம் இல்லை என்பதும் தெரியும்.

அதே சமயம் விம்மையும் நினைக்கிறேன். ப்ராம் மோலனார் 2023 ஆகஸ்டில் காலமானார். 1991-இலிருந்து அவர் கையில் இருந்த எடிட்டர். ஏற்கெனவே கூட வேலை செய்தவர்கள் இருந்ததால் அடுத்த வெர்ஷன்கள் நிற்காமல் வந்தன. நான் நாளைக்குப் பர்லியாறு வளைவில் உருண்டால் இந்த எடிட்டரின் கடவுச்சொல்கூட யாருக்கும் தெரியாது.

மலைப்பூண்டு, உன்னை நாலு வருடமாகத் தெரியும். பூண்டு அறுவடைக்கு வந்து உன் வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறேன். உரிமையை இன்று கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: இனி என் கமிட்டையும் நீ பார்க்காமல் சேர்க்கக் கூடாது. உன்னுடையதை நான் பார்ப்பேன். ரிலீஸ் மட்டும் இப்போதைக்கு என் கையில்.


மலைப்பூண்டு (பூம்பாறை) | வியாழன், காலை 7.30

சரி அண்ணா. ஆனால் மாசி, பங்குனியில் என்னைக் கூப்பிடாதீர்கள், தோட்டத்தில் இருப்பேன். இரவு பதினோரு மணிக்கு மேல் நீங்களும் கமிட் போடாதீர்கள்.


பாதிவளைவு (குன்னூர்) | வெள்ளி, இரவு 8.20

புது வெர்ஷன் வெளியிட்டாயிற்று. வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே 'கோப்பு காலியாகும் பிழை, எல்லோரும் உடனே மாறவும்' என்று போட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் மாறிய பிறகும் ஒரு நகலை வேறு இடத்தில் வையுங்கள். ஃபேட் பென் டிரைவில் ரீநேம் முன்பைவிடப் பாதுகாப்பு, ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது. தயவுசெய்து மெயினை அணைத்து சோதிக்க வேண்டாம்.


இலைக்கணக்கு (கோத்தகிரி) | சனி, மாலை 4.15

சோதித்துவிட்டேன். கணக்குக் கோப்பில் இல்லை, வேறு ஒரு பழைய பென் டிரைவில். தட்டிக்கொண்டே இருந்தேன், மகன் மெயினை இறக்கினான். நாலு தடவை. மூன்று தடவை கடைசி சேவ்வரை இருந்தது. ஒரு தடவை அதற்கு முந்தைய சேவ்தான் இருந்தது. காலி ஒரு தடவையும் இல்லை. அந்த நாலாவது தப்பா?


பாதிவளைவு (குன்னூர்) | சனி, மாலை 4.40

தப்பில்லை அக்கா. பழையது இருக்கலாம், புதியது இருக்கலாம், காலி மட்டும் இருக்கக் கூடாது. மகனிடம் போதும் என்று சொல்லுங்கள், கணினி பாவம்.


இலைக்கணக்கு (கோத்தகிரி) | ஞாயிறு, காலை 9.10

புதுப் பிழை ஒன்று. மலைப்பூண்டு கேட்ட மாதிரியே எழுதுகிறேன்.

வெர்ஷன்: வெள்ளிக்கிழமை வந்தது. லினக்ஸ். கோப்பு இருந்த இடம்: பென் டிரைவ், ஃபேட். தானாக சேவ்: 30 விநாடி.

செய்தது: தட்டும்போது மெயினை அணைத்து, திரும்பப் போட்டு, கோப்பைத் திறந்தேன்.

நடந்தது: கோப்பு சரியாக இருக்கிறது. ஆனால் அதே ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு இன்னொரு கோப்பு கிடக்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டு என்று போட்டால்தான் தெரிகிறது. நாலு தடவை அணைத்ததில் இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஒன்று பாதி எழுதியது, ஒன்று முழுசு.

எதிர்பார்த்தது: எடிட்டர் அடுத்த தடவை திறக்கும்போது, இவற்றை என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்க வேண்டும். தானாக அழித்துவிடக் கூடாது. முழுசாக இருந்ததில் கடைசி இரண்டு வரி அதிகமாக இருந்தது.